புது விண்கப்பலை ஏன் அழுக்காக்க வேண்டும்?

2023 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், விண்கப்பல் மாதிரி ஒன்று மூன்று மில்லியன் அமெரிக்க டாலருக்கும் அதிகமான விலைக்குப் போனது. 1977ல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காகச் செய்யப்பட்ட எக்ஸ்-விங் போர்க்கலம் அது. காலஞ்சென்ற மாதிரிக் கலைஞர் கிரெக் ஜீன் சேர்த்து வைத்திருந்த பொருள்களுக்கிடையே அது கண்டெடுக்கப்பட்டது.

அந்த எக்ஸ்-விங்கின் படங்களை உற்றுப் பாருங்கள். பளபளப்பு எங்குமே இல்லை. இறக்கைகளில் கறை, இயந்திரங்களின் ஓரத்தில் கரி, சிவப்புக் கோடுகளில் உரிசல். அவற்றில் பெரும்பகுதி, மாதிரியைச் செய்தவர்களே தீட்டியது. தம் படத்தின் உலகம் பலகாலம் புழங்கிப் பழசான உலகமாகத் தெரியவேண்டும் என்று இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் விரும்பினார்.

அந்தப் படத்துக்காக 1975ல் தொடங்கப்பட்டதுதான் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம். அங்கு வேலை செய்த பலர் இருபதுகளில் இருந்த இளையர்கள். டாங்கி, போர்க்கப்பல், பந்தயக் கார் எனக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளை வாங்கி வந்து, அவற்றின் குட்டிப் பாகங்களைத் தங்கள் விண்கப்பல்கள்மீது ஒட்டினார்கள். பார்ப்பவருக்கு அது ‘ஏதோ ஓர் இயந்திரம்’ என்று தோன்றினால் போதும். கப்பல்களை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜோ ஜான்ஸ்டனுக்கு அப்போது வயது 25. பின்னாளில் அவர் இயக்குநராகி, 2011ல் ‘கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ படத்தை எடுத்தார்.

சின்னத்திரையிலும் இதே உத்தி முன்பே கைகொடுத்திருக்கிறது. 1967ல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ஒரு பகுதிக்குச் சேதமடைந்த விண்கப்பல் ஒன்று தேவைப்பட்டது. கடையில் விற்ற ஏஎம்டி நிறுவனத்தின் ‘என்டர்பிரைஸ்’ மாதிரியைச் சிதைத்துப் படம்பிடித்தார்கள். 1701 என்ற அதன் எண்ணில் இலக்கங்களை இடம் மாற்றி 1017 ஆக்கினார்கள். வேறொரு கப்பல் தயார்!

<b>பெட்டியைத் திறந்தால்</b>

அன்று கடை மாதிரிகளின் பாகங்களை ஒட்டிச் செய்த எக்ஸ்-விங், இன்று தானே கடை மாதிரியாகிவிட்டது. ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1:72 அளவில் வெளியிட்ட மாதிரியைத்தான் இந்த விடுமுறையில் நான் செய்து முடித்தேன். கதைப்படி 12.5 மீட்டர் நீளமுள்ள கலம், மேசையில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். 72 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதர் இந்த அளவில் சரியாக ஓர் அங்குல உயரம். விமானியின் முகம் அரிசி மணியைவிடச் சிறியது.

பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் இணைந்திருக்கும். அவற்றை இரண்டு வெட்டாக எடுக்கவேண்டும். முதல் வெட்டு சற்றுத் தள்ளி, இரண்டாவது பாகத்தை ஒட்டி. ஒரேயடியாக நறுக்கினால் அழுத்தத்தில் பிளாஸ்டிக் வெளுத்து, வெள்ளைத் தழும்பு விழும். பிறகு உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்தினால் பசையே தேவையில்லை. பிளாஸ்டிக்கிலேயே நிறம் இருப்பதால் வேலையை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கையில் ஒரு நல்ல பொம்மை இருக்கும்.

அதைக் கப்பலாக்குவது வண்ணம். முதலில் மெல்லிய அடிப்பூச்சு, அதன்மேல் நிறங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தூய வெள்ளையையும் தூய கறுப்பையும் பயன்படுத்தக்கூடாது. தொலைவில் இருக்கும் பெரிய பொருளின் நிறம் நம் கண்ணுக்குச் சற்று மங்கித்தான் தெரியும். எனவே வெள்ளைக்குப் பதில் சாம்பல் கலந்த வெள்ளை, கறுப்புக்குப் பதில் அடர் சாம்பல். இந்த மாற்றத்தில்தான் 17 சென்டிமீட்டர் பொருள் 12 மீட்டராகத் தோன்றத் தொடங்குகிறது.

<b>கறைக்கும் காரணம் வேண்டும்</b>

வண்ணம் காய்ந்தபின், நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பு எனாமலைத் தூரிகை நுனியால் தகட்டுக் கோடுகளில் தொட்டேன். மெல்லிழைத் தாளில் நீர் ஊறிப் பரவுவதைப்போல, வண்ணம் கோட்டைப் பிடித்துக்கொண்டு தானாக ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “புதுசா வாங்கினத ஏன்டா இப்படி அழுக்காக்குற?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கண்டபடி பூசினால் அது அழுக்குதான். ஒவ்வொரு கறைக்கும் காரணம் இருந்தால் அது வரலாறு. எக்ஸ்-விங்கின் பீரங்கி முனைகள் சுட்டுச் சுட்டுக் கருகியிருக்கும். இயந்திரத்தின் பின்புறம் கரி படியும். விமானி ஏறி இறங்கும் இடத்தில் வண்ணம் தேயும். ஆனால், மேலிருந்து கீழே வழிந்த நீர்க்கறை வரலாமா? விண்வெளியில் மழையில்லை, வழிவதற்குக் கீழ்ப்பக்கமும் இல்லை. என்றாலும் கதையில் இந்தக் கலங்களின் தளம் யாவின் 4 என்ற காட்டு நிலவில் இருக்கிறது. அங்கே மழையில் நின்றிருக்கலாம். எனவே கறை வரலாம், கலம் தரையில் நிற்கும்போது எது கீழ்ப்பக்கமோ அதை நோக்கி.

அந்தக் கறை எப்படி இருக்கும் என்பதை எங்கள் வீவக புளோக்கின் சுவரில் பார்த்துத்தான் கற்றேன். சன்னல் விளிம்புக்குக் கீழே மழை இழுத்த கறுப்புக் கோடுகள் மேலே அடர்ந்து, கீழே மெலிந்து மறைகின்றன. லாரிகளில் சேறு சக்கரத்துக்குப் பின்னால்தான் அதிகம். கொள்கலன்களில் துரு மூலைகளில் தொடங்குகிறது. தினமும் கடந்துபோகிற பொருள்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

<b>யாரும் மதிப்பெண் போடாத வேலை</b>

உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைப் புள்ளிகள், பல்கலைக்கழகத்தில் வேலைப் பயிற்சி என, நாம் செய்யும் ஒவ்வொன்றும் சுயவிவரத்தில் ஒரு வரியாகவேண்டும் என்ற நெருக்கடி நம்மில் பலருக்கு உண்டு. இந்தக் கப்பல் எந்த வரியிலும் சேராது. எப்போது முடிந்தது என்று சொல்ல ஆசிரியரும் இல்லை, மதிப்பீட்டு அட்டவணையும் இல்லை. இன்னும் ஒரு கறை வைத்தால் கூடுமா, கெடுமா என்பதை நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இருபது வயதில் அப்படிப்பட்ட வாய்ப்பு எனக்கு அதிகம் வாய்ப்பதில்லை. அதனால்தான் பாடச்சுமைக்கு இடையிலும் இந்தப் பழக்கத்தை விடப்போவதில்லை.

தொடங்க நினைப்பவர்கள் கையடக்கமான, பசை தேவைப்படாத மாதிரியை எடுங்கள். நல்ல வெட்டுக்கருவி, உப்புத்தாள், இரண்டு தூரிகைகள், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள் போதும். தெளிப்பு வண்ணத்தையும் எனாமல் கரைப்பானையும் மூடிய அறையில் பயன்படுத்தாதீர்கள். காற்றோட்டமும் முகக்கவசமும் கட்டாயம். வெறும் பிளாஸ்டிக்கில் எனாமல் கரைப்பான் தேங்கினால் இறுக்கமாகப் பொருந்திய பாகங்கள் விரிசல் விடக்கூடும். முதலில் ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுங்கள். வெட்டி எடுத்த காலிச் சட்டங்களை உடனே வீசிவிடாதீர்கள். வண்ணத்தைச் சோதித்துப் பார்க்க அவற்றைவிட நல்ல இடம் கிடையாது.