வேட்டியில் வடித்த ஆயில்

நான் வேலைக்குச் சேர்ந்த 1990களில், கோவைப் பக்கத்து ஹைட்ராலிக்ஸ் பட்டறைகளில் காதும் மூக்கும்தான் மீட்டர். மேஸ்திரி ஸ்க்ரூடிரைவர் முனையைப் பம்பின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம் வந்தால், "ஃபில்டர் அடைச்சிருக்கும், கழட்டுடா" என்பார். உள்ளே கல் ஏது? ஆயில் போதாமல் திணறும் பம்பில் குமிழிகள் உண்டாகி நொறுங்குகிற சத்தம் அது. ஆயிலை விரலில் தொட்டு முகர்வார். கருகல் நெடி என்றால் சூட்டில் கெட்டது. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்தது.

புது ஆயிலைப் பழைய வேட்டியில் வடித்து ஊற்றுவோம். பெரிய சுத்தக்காரர்கள் என்று நினைப்பு! தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இன்றைய சர்வோ வால்வுக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். வேட்டியின் பஞ்சிழை ஒன்று போதும், மெஷின் நின்றுவிடும்.

இப்போது மண் அள்ளும் வண்டியின் கேபினிலேயே திரை இருக்கிறது. பிரஷர், சூடு, கோளாறு எண் எல்லாம் அதில் வருகிறது. லேப்டாப்போடு வரும் பையன் சட்டை கசங்காமல் நோயைச் சொல்லிவிடுகிறான். சில நாள் பம்ப் நன்றாகவே இருக்கும், செத்தது சென்சார்தான் என்று சாயங்காலம் தெரியவரும். எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஊர்க்காரர்களுக்கு அது ஜேசிபிதான். அது மட்டும் மாறவில்லை.

பழையதில் ஒன்றை நினைத்து நான் ஏங்க மாட்டேன். ஓஸ் எங்கே கசிகிறது என்று அன்று கையால் தடவித் தேடுவோம். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார். எங்கள் லைனில் 200 பார் சர்வசாதாரணம். ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசுக்கடி அளவுதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இராது. என்னோடு இருந்த ஒருவர் "சின்னக் குத்துதான்" என்று டீ குடிக்கப் போனார். உடனே ஆபரேஷன் செய்திருந்தால் விரல் தப்பியிருக்கும். இன்று பட்டறைப் பையன்கள் அட்டையை நீட்டித்தான் கசிவு தேடுகிறார்கள்.

மரைக் குழப்பம் அன்றும் இன்றும் ஒன்றுதான். பிரிட்டிஷ் மரையும் மெட்ரிக் மரையும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். இரண்டு சுற்று சமர்த்தாக ஏறிவிட்டு மூன்றாவதில் கடித்துக்கொள்ளும்.

பத்து சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டர் 200 பாரில் 16 டன் தள்ளும். அதை முடக்கிப் போடுவதும் எழுப்பி நிறுத்துவதும் ஒரு ரப்பர் சீல். மாற்றியதும் சுமையைத் தூக்கி நிறுத்தி, ராடில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு டீக்குப் போவோம். லேப்டாப் பையனும் கூட வருவான். திரும்பி வரும்போது கோடு கீழே இறங்காமல் இருந்தால்தான் பில்.