வீடு திரும்பிய நோயாளியைக் கவனிப்பது யார்?

மருத்துவமனையிலிருந்து நோயாளி வீடு திரும்பும் நாள் குடும்பத்திற்கு மகிழ்ச்சியான நாள். உறவினர் கூடுவர், அண்டை அயலார் நலம் விசாரிப்பர். ஆனால், நோயாளியின் வாழ்வில் மிகுந்த கவனம் தேவைப்படும் காலம் அன்றுதான் தொடங்குகிறது என்பதை உணர்வோர் சிலரே. மருத்துவமனையில் வேளை தவறாமல் மருந்து கொடுக்கச் செவிலியர் இருந்தார். கட்டு மாற்றவும் காய்ச்சல் பார்க்கவும் ஆள் இருந்தது. வாசலைத் தாண்டியதும் அந்தப் பொறுப்பு முழுவதும், இவற்றுள் எதையும் பயின்றறியாத மனைவியின் மீதோ மகளின் மீதோ விழுகிறது. வழிகாட்டியாக அவள் கையில் இருப்பது ஒரேயொரு சீட்டு. அதுவும் ஆங்கிலத்தில்!

தூரமும் ஒரு நோயே

சோழவள நாட்டின் தென்கிழக்கு மூலையில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் உள்ளது கோடியக்கரை. மீன்பிடிப்பும் உப்பளமும் இப்பகுதி மக்களின் பிழைப்பு. அருகிலுள்ள ஊர் வேதாரண்யம் சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959இல் தோன்றியது. திருவாரூரில் 2010இலும், நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. பெரிய சிகிச்சை முன்னைவிட அருகில் வந்துவிட்டது என்பது உண்மையே. எனினும், அரசு மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவு பெரும்பாலும் காலை வேளையிலேயே இயங்குகிறது. 'இரண்டு வாரம் கழித்து வரவும்' என்று சீட்டில் எழுதுவது எளிது. அதை நிறைவேற்ற, நோயாளியும் உடன் செல்பவரும் இருட்டோடு புறப்பட வேண்டும். இருவர் கூலியும் போகும். பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் தனி. 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த வாரம் போகலாம்' என்று தள்ளிப்போடுவதில் வியப்பென்ன?

ஓர் எடுத்துக்காட்டு

நீரிழிவினால் காலில் புண் வந்து, ஒரு விரல் எடுக்கப்பட்ட உப்பளத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. காலை ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும், நாள் தவறாமல் கட்டு மாற்ற வேண்டும், வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. இவை எல்லாம் சீட்டில் இருக்கலாம். மருத்துவர் அவசரத்தில் வாயாலும் சொல்லியிருக்கலாம். ஆனால், 'நீர் என்ன வேலை செய்கிறீர்?' என்று கேட்டு, 'உப்புப் பாத்தியில் இறங்கக் கூடாது' என்று சொன்னவர் உண்டா? நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடுவதால், புண் பெருகினாலும் வலி தெரிவதில்லை. வலியில்லை என்பதால் புண் ஆறிவிட்டதென்று அவர் நம்புகிறார். வீட்டில் அரிசி வேண்டுமே, பாத்தியில் இறங்குகிறார். ஒரு விரலோடு நின்றிருக்க வேண்டிய இழப்பு, முழங்கால் வரை செல்கிறது. உழைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு அது ஒருவரின் கால் மட்டுமன்று, அடுப்பெரிவதும் அதைச் சார்ந்ததே.

மருத்துவர்மீது பழி சுமத்துவது நம் நோக்கமன்று. நெரிசல் மிகுந்த வார்டில் ஒவ்வொருவரிடமும் நின்று பேச அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆயினும் சொல்லுதல் வேறு, புரியவைத்தல் வேறு. சீட்டில் காணும் 'பி.டி.' என்பது 'நாளுக்கு இருமுறை' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களின் சுருக்கம், 'டி.டி.எஸ்.' என்பது மும்முறை, 'ஹெச்.எஸ்.' என்பது உறங்கப்போகும் வேளை, 'எஸ்.ஓ.எஸ்.' என்பது தேவைப்பட்டால் மட்டும். எங்கோ வழக்கொழிந்த மொழியின் எழுத்துகளை, தமிழும் தட்டுத் தடுமாறிப் படிக்கும் ஒரு தாய் எங்ஙனம் அறிவாள்?

சட்டம் சொல்வது

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால், சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். மருந்துகளின் பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டுமென்று 2016இல் திருத்தம் வந்தது. கேட்பது நம் உரிமை. அது மரியாதைக் குறைவு அன்று.

நான்காவது ஆள்

மருத்துவம் என்பது நான்கு பகுதிகளைக் கொண்டது என்று வள்ளுவர் வகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். முதல் மூவகைக்கும் இன்று பெரும்பொருள் செலவிடுகிறோம். நான்காவது ஆளுக்கு எதையும் கற்பிப்பதில்லை.

இக்குறையை நீக்க முயன்றவர்கள் உண்டு. கேரளத்தில், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் தொடங்கிய வலித்தணிப்புப் பணி, பின்னர் அண்டை வீட்டாரையே பயிற்றுவித்து, நோயாளியின் வீடு தேடிச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் அம்மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகளை வீட்டிலேயே வழங்கவும், படுக்கையில் கிடப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் அளிக்கவும் அதில் வகை செய்யப்பட்டது. இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. ஆனால், பெரிய மருத்துவமனை விடுவித்த நோயாளியைப் பற்றிய செய்தி உள்ளூர்ச் செவிலியரை அன்றே எட்டினால்தான் இத்தகைய ஏற்பாடு முழுப் பயன் தரும். சீட்டு நோயாளியின் தலையணைக்கடியிலேயே கிடந்தால், செவிலியர் எதைக் கொண்டு உதவுவார்?

நாம் செய்யத்தக்கவை

வீடு திரும்புமுன் ஐந்து கேள்விகளுக்கு விடை பெற்றுக்கொள்ளுங்கள்.

1. நோய் என்ன? செய்த சிகிச்சை என்ன?
2. எந்த மாத்திரை, எவ்வேளை, எத்தனை நாள்? பழைய மாத்திரைகளுள் எதை நிறுத்த வேண்டும்?
3. எதை உண்ணலாம்? எந்த வேலை கூடாது?
4. எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்?
5. மறுபடி வரும் நாள் எது? கட்டு மாற்றுவதையும் தையல் பிரிப்பதையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாமா?

கேட்டதைச் செவிலியரிடம் திருப்பிச் சொல்லுங்கள். பிழையிருந்தால் அங்கேயே திருந்தும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில், மாத்திரை உறையின்மேல் காலைக்குச் சூரியனையும் இரவுக்குப் பிறையையும் வரைந்து வையுங்கள். அறுவைக்குப் பின் காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது சிவப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கண்டால் ஒரு நொடியும் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். எழுந்திருக்க இயலாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வராமல் காப்பது, வந்தபின் ஆற்றுவதைவிட எளிது.

நோயாளரைக் காணச் செல்லும் நல்வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. பழம் வாங்கிச் செல்கிறோம். ஆறுதல் கூறித் திரும்புகிறோம். இனிச் செல்லும்போது, படித்த பிள்ளை ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வோம். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்துக் காட்டட்டும். மறுபடி செல்ல வேண்டிய நாளை நாட்காட்டியில் வட்டமிடட்டும். அந்நாளில் துணைக்குச் செல்ல ஓர் ஆள் குறிக்கட்டும். கோடியக்கரை போன்ற சிற்றூரில், மருத்துவமனைக்கும் வீட்டிற்கும் இடையே உள்ள நெடுந்தூரத்தை அண்டை வீட்டாரே பெருமளவு குறைக்க முடியும்.