தங்கவயல் தாய்மார்களுக்கு வேண்டும் ஒரு பிரசவ வார்டு

தங்கவயல் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களில் பலர் பிறந்தது கம்பெனி ஆஸ்பத்திரியில்தான். ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் தோன்றிய அந்த ஆஸ்பத்திரியில் தொழிலாளி மனைவியின் பிரசவத்துக்குச் செலவு கிடையாது. 2001 பிப்ரவரி 28ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ஆஸ்பத்திரியும் கதவடைத்தது.

அந்த இழப்பின் அருமை கொரோனா காலத்தில்தான் முழுமையாகத் தெரிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பயணிகள் ரயில்கள் நின்றன. மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் வேலைக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் முடங்கினார்கள். வாணி விலாஸ் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் குறைந்த செலவில் போய்வரும் வழியும் அடைபட்டது. தலைப்பிரசவத்துக்கு ஆம்பூர், குடியாத்தம் என்று தாய் வீடு போகும் வழக்கமோ, மாநில எல்லையில் பாஸ் கேட்டு நின்றது.

பரிசோதனை முடிவு இல்லை என்று பிரசவத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 மே 18ல் அறிவித்தது. நல்ல உத்தரவுதான். ஆனால் உத்தரவு பயன்பட, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்க வேண்டுமே!

அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் அலை இன்னும் கொடியது. தொற்று கண்ட 1,530 கர்ப்பிணிகளையும் பிரசவித்த தாய்மார்களையும் அதே கவுன்சில் ஆராய்ந்தது. முதல் அலையில் 0.7 சதவீதமாக இருந்த மரணம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதமாக உயர்ந்திருந்தது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட மத்திய அரசு அனுமதித்தது 2021 ஜூலை 2ந் தேதிதான். அதற்குள் அந்த அலை ஓய்ந்து கொண்டிருந்தது.

இதற்கிடையே 2021 மே மாதத்தில் தங்கவயலில் ஓர் அதிசயம் நடந்தது. இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கம்பெனி ஆஸ்பத்திரியைத் தொண்டர்கள் கூடிப் புதர் வெட்டி, கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, குறுகிய காலத்தில் கொரோனா சிகிச்சைக்குத் தயார் செய்தார்கள். மனமிருந்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

தாய்மார்களும் சிலவற்றை மறக்கக் கூடாது. கர்ப்பம் தெரிந்ததும் ஆஷா ஊழியரிடம் பெயர் பதிந்து தாயி கார்டு வாங்க வேண்டும். தாய் வீடு போனாலும் கார்டு கையில் இருக்கட்டும். அங்குள்ள டாக்டருக்கு அதுவே வழிகாட்டி. மாதந்தோறும் 9ந் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. இரும்புச் சத்து மாத்திரையை 180 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். தலைவலி, கால் வீக்கம், உதிரப்போக்கு கண்டால் நாள் பார்க்காமல் 108க்குப் போன் செய்ய வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தாலும், முகக்கவசம் அணிந்து கை கழுவித் தாய்ப்பால் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ரயில் நிற்கலாம், எல்லை அடைபடலாம். பிரசவ வலி காத்திருக்காது. பூமிக்கடியில் இறங்கித் தங்கம் எடுத்துக் கொடுத்தவர்களின் பேத்திகள் கேட்பது மாளிகையல்ல. எந்தத் தொற்று வந்தாலும் மூடாத ஒரு பிரசவ வார்டு, இரவிலும் ஒரு லேடி டாக்டர், தயாராக ரத்தம். அடுத்த தொற்று வருமுன் இதைச் செய்து தருவது ஆள்வோர் கடமை.