பிளஸ்-1ல் கணக்கு எடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் என்ஜினீயர் கனவு போச்சு! பெற்றோர் கவனத்துக்கு

தாம்பரம்:
"என் பையன் கம்ப்யூட்டர் என்ஜினீயர் ஆகணும்". தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை பகுதி பெற்றோர் பலருக்கும் இதுதான் ஆசை. ஆனால் அதற்கான முதல் முடிவை பிளஸ்-2 ரிசல்ட் வந்த பிறகு எடுக்க முடியாது. பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும்போதே எடுத்தாக வேண்டும்.

என்ன குரூப்?

கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்க வேண்டும். நான்காவது பாடம் உயிரியலா, கம்ப்யூட்டர் சயின்சா என்பது பிரச்சினை இல்லை. பிளஸ்-2வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்களும் பி.இ. கம்ப்யூட்டர் சேரலாம். ஆனால் கணக்கு இல்லாத சயின்ஸ் குரூப்போ, காமர்சோ எடுத்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

கட்-ஆப் எப்படி?

தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் நுழைவுத்தேர்வு 2007ம் ஆண்டு முதல் கிடையாது. பிளஸ்-2 மார்க்தான் எல்லாம். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200. கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 வாங்கினால் 90+40+42, அதாவது கட்-ஆப் 172. இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆப் வந்தால் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்ப்பார்கள்.

1949ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் இந்த கவுன்சிலிங் மூலம்தான் சீட். கிண்டி ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. தேர்வு தனியாக எழுத வேண்டும்.

குரூப் கிடைக்கவில்லையா?

கவலை வேண்டாம். பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர்கள் பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துவிட்டு, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாக சேரலாம். தென்சென்னை பிள்ளைகளுக்கு தரமணியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பெண்களுக்கு அங்கேயே டாக்டர் தர்மாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக் தனியாக உள்ளது.

பணத்துக்கு என்ன வழி?

6 முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. இதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். மற்றவர்களில், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சிலிங் சீட்டுக்கு கட்டணச் சலுகை கிடைக்கும். அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வைப்பது நல்லது.

"பணம் கொடுங்க, கவுன்சிலிங்கில் சீட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். கவுன்சிலிங் சீட் மார்க்குக்கும் இட ஒதுக்கீட்டுக்கும்தான்!