போலீசுக்குப் போலீஸ் அபராதம் போடுவாரா?
193 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தவரை மடக்கிய பெண் போலீஸ் பட்ட பாடு!

ஹெல்மெட் இல்லாமல் சிக்னலில் மாட்டிக்கொண்டவர் உடனே பணத்தை எடுப்பதில்லை. முதலில் ரோட்டைத்தான் பார்ப்பார். காக்கி பேண்ட், பிரவுன் ஷூ, வெறும் தலையுடன் ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் போவது கண்ணில் பட்டுவிடும். "அவரை மட்டும் ஏன் சார் விட்டீங்க?" என்பார். பதில் வராது. ரசீதுதான் வரும்.

போலீஸ்காரருக்கு இன்னொரு போலீஸ்காரர் அபராதம் போடுவாரா, மாட்டாரா? டீக்கடையில் தினமும் அடிபடும் இந்தக் கேள்வியை விசாரித்ததில் கிடைத்த விவரம் வருமாறு:-

இரட்டை அபராதம்

போடத்தான் வேண்டும் என்கிறது சட்டம். அதுவும் இரண்டு மடங்கு!

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 210-பி என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டத்தை அமல்படுத்த வேண்டியவரே அதை மீறினால் டபுள் அபராதம் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் ஹெல்மெட் அபராதம் 2022 அக்டோபரில் 100 ரூபாயில் இருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்குப்படி காக்கிச்சட்டைக்கு 2 ஆயிரம்.

கணக்கு சரி, வசூலிப்பது யார்? வண்டியை கான்ஸ்டபிள் நிறுத்தலாம். அபராதம் போடும் அதிகாரம் சப்-இன்ஸ்பெக்டரில் இருந்துதான் தொடங்குகிறது. எதிரே வருகிறவர் இன்ஸ்பெக்டர் என்றால் அவர் கை சல்யூட்டுக்குப் போகுமா, ரசீது மெஷினுக்குப் போகுமா? நாளைக்கு பந்தோபஸ்து டியூட்டி போடுகிறவர் அந்த இன்ஸ்பெக்டர்தானே!

யூனிபாரம் இல்லாத நேரத்துக்கு ஸ்டிக்கர் இருந்தது. "போலீஸ்" என்று ஒட்டினால் போதும், வண்டி தானாக வழி பிடிக்கும். போலீசில் வேலை பார்க்காதவர்கள்கூட மாமன், மச்சான் பேரைச் சொல்லி ஒட்டிக்கொண்டார்கள். சொந்த வண்டியில் இப்படி ஒட்டினால் நடவடிக்கை என்று சென்னை போக்குவரத்து போலீசார் 2024 மே மாதம் வேட்டையில் இறங்கினார்கள்.

பஸ்சில் வந்த வம்பு

அதே மே மாதம் நாங்குநேரியில் நடந்த சங்கதி வேடிக்கையானது.

அரசு பஸ்சில் யூனிபாரத்துடன் ஒரு போலீஸ்காரர் ஏறினார். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். "நானும் அரசு ஊழியர்தான், எனக்கு எதற்கு டிக்கெட்?" என்கிற ரீதியில் வாக்குவாதம். வாரண்டு இருந்தால்தான் ஓசி என்றார் கண்டக்டர். செல்போன் வீடியோ ஊரெல்லாம் பரவியது. வாரண்டு இல்லாமல் போலீசார் இலவசமாகப் போக முடியாது என்று போக்குவரத்துத் துறையும் சொல்லிவிட்டது.

அடுத்த நாட்களில்தான் கூத்து! பல ஊர்களில் அரசு பஸ்களைப் போலீசார் மடக்கினார்கள். நோ-பார்க்கிங், சீட் பெல்ட் இல்லை, ஒருவழிப்பாதை என்று வரிசையாக அபராதம். அதுவரை கண்ணில் படாத குற்றமெல்லாம் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டுவிட்டது! கடைசியில் உள்துறை செயலாளரும் போக்குவரத்துத் துறை செயலாளரும் பேசி முடித்தார்கள். சண்டை போட்ட இருவரும் கட்டிப்பிடித்து டீ சாப்பிட்ட வீடியோவும் வந்தது.

ஆக, அபராதம் போடத் தெரியாமல் இல்லை. யாருக்குப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நடுரோட்டில் கைவிலங்கு

நம் ஊரில் மட்டுந்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 2011 அக்டோபரில் ஒரு நாள் அதிகாலை. நெடுஞ்சாலை ரோந்துப் படையைச் சேர்ந்த பெண் போலீஸ் ஒருவரின் கண்ணெதிரே ஒரு கார் அம்பு மாதிரி பாய்ந்தது. வேகம் மணிக்கு 120 மைல். அதாவது சுமார் 193 கிலோமீட்டர்!

அது மியாமி நகரப் போலீசின் ரோந்து கார். சைரனைப் போட்டுக்கொண்டு விரட்டியும் அவர் உடனே நிற்கவில்லை. பல நிமிஷத் துரத்தலுக்குப் பிறகே நின்றார். துப்பாக்கியை நீட்டியபடி அந்த அம்மா இறங்கிப் போய், யூனிபாரத்தில் இருந்தவருக்குக் கைவிலங்கு மாட்டினார். கொள்ளைக்காரனையா துரத்திக்கொண்டிருந்தார்? இல்லை. டியூட்டி முடிந்தபின் பார்க்கும் இன்னொரு வேலைக்கு நேரமாகிவிட்டதாம்!

வேகமாகப் போனவர் 2012-ல் வேலையை இழந்தார். ஆனால் பிடித்தவர் கதி?

மிரட்டல் போன்கள் வந்தன. ஆர்டர் கொடுக்காத பீட்சா வீட்டு வாசலுக்கு வந்தது. தன் விவரங்களை யாரோ பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு அவர் கேட்டபோது குட்டு உடைந்தது. 25 இலாகாக்களைச் சேர்ந்த 88 போலீஸ்காரர்கள், அரசு கம்ப்யூட்டரில் அவருடைய டிரைவிங் லைசென்ஸ் விவரங்களை 200 தடவைக்கு மேல் துழாவியிருந்தார்கள். அந்த அம்மா கோர்ட்டுக்குப் போனார்.

சுங்கச்சாவடி சொன்ன சாட்சி

"சன் சென்டினல்" பத்திரிகை அதோடு விடவில்லை. போலீஸ் கார்கள் சுங்கச்சாவடிகளைக் கடந்த நேரத்தை 13 மாதக் கணக்கில் வாங்கியது. இந்தச் சாவடிக்கும் அடுத்த சாவடிக்கும் எவ்வளவு தூரம், எத்தனை நிமிஷம்? வகுத்தால் வேகம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக் கணக்குதான்!

90 மைல் முதல் 130 மைல் வரை பறந்த போலீஸ்காரர்கள் ஏறக்குறைய 800 பேர் அதில் சிக்கினார்கள். பலரும் டியூட்டி இல்லாத நேரத்தில் பறந்தவர்கள். சாவடிக் கருவிக்குத் தொப்பியும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. 2013-ல் அந்தப் பத்திரிகைக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது.

அதே பத்திரிகை இன்னொரு கணக்கும் எடுத்தது. 2004 முதல் புளோரிடாவில் போலீஸ்காரர்களின் அதிவேகத்தால் நடந்த விபத்துகள் குறைந்தது 320. செத்தவர்கள் 19 பேர். அதற்காக ஜெயிலுக்குப் போன போலீஸ்காரர் ஒரே ஒருத்தர். அவர் உள்ளே இருந்தது 60 நாள்.