இந்தியச் சாலைப் பேராயம்

இந்தியச் சாலைப் பேராயம் (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், சுருக்கமாக ஐ.ஆர்.சி.) என்பது இந்தியாவின் நெடுஞ்சாலைப் பொறியாளர்களுக்கான தொழில்சார் அமைப்பு ஆகும். இது 1934 டிசம்பரில் தொடங்கப்பட்டது. தலைமையகம் புது தில்லியில் உள்ளது. பெயரில் காங்கிரஸ் என்ற சொல் இருப்பினும் அரசியல் கட்சியோடு இதற்குத் தொடர்பு இல்லை. மாநாடு என்ற பொருளிலேயே அச்சொல் இங்கு ஆளப்படுகிறது. மாநிலப் பொதுப்பணித் துறைகள், நெடுஞ்சாலைத் துறைகள், படைத்துறை ஆகியவற்றின் பொறியாளர்களும் கல்லூரி ஆசிரியர்களும் ஒப்பந்தக்காரர்களும் இதில் உறுப்பினர்களாக உள்ளனர்.

பின்னணி

மாட்டுவண்டிக் காலத்துச் சாலைகள் உடைகல்லைப் பரப்பி, நீர் தெளித்து, உருளையால் இறுக்கிச் செய்யப்பட்டவை. வண்டியின் இரும்புப் பட்டை கல்லை அரைக்கும்; அந்தத் தூளே கற்களின் இடைவெளியில் புகுந்து அவற்றைப் பிணைக்கும். முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகின. விரைந்து உருளும் இரப்பர்ச் சக்கரம் அந்தத் தூளை உறிஞ்சி வெளியேற்றியது. பிணைப்பு இழந்த கற்கள் பெயர்ந்தன. தேய்ந்தது சாலை; பழுது பார்க்கப் பணம் இல்லை. 1919 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சாலைகள் மாகாணங்களின் பொறுப்பு; மாகாணங்களோ பெரும்பாலானவற்றை உள்ளாட்சி அமைப்புகளிடம் விட்டிருந்தன.

இதை ஆராய 1927 இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜெயகர் பம்பாயைச் சேர்ந்த வழக்கறிஞர், பொறியாளர் அல்லர். சாலை வளர்ச்சி நாடு தழுவிய பொறுப்பு என்றும், பெட்ரோல் மீது கூடுதல் வரி விதித்து நிதி திரட்ட வேண்டும் என்றும், பொறியாளர்கள் தங்கள் பட்டறிவைப் பகிர்ந்துகொள்ள அரைகுறை அரசுத் தன்மை கொண்ட ஒரு தொழில்நுட்ப அமைப்பு வேண்டும் என்றும் குழு பரிந்துரைத்தது. இவற்றுள் வரி விரைவில் வந்தது: 1929 மார்ச்சில் மத்திய சாலை நிதி உருவாயிற்று. அமைப்பு உருவாக மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

தொடக்கமும் வளர்ச்சியும்

தொடக்கத்தில் 73 உறுப்பினர்களே இருந்தனர். 1937 செப்டம்பர் 24 அன்று, 1860 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மாநிலத்தில் மாநாடு கூடுகிறது. 'இந்தியன் ஹைவேஸ்' என்ற மாத இதழும் வெளியிடப்படுகிறது.

1943 இல் நாக்பூரில் தலைமைப் பொறியாளர்கள் கூடி வகுத்த இருபதாண்டுத் திட்டம், 100 சதுர கிலோமீட்டருக்கு 16 கிலோமீட்டர் சாலை என்ற இலக்கை வைத்தது. அந்த நீளம் 1961 ஆம் ஆண்டுக்குள் எட்டப்பட்டது. எனினும் அதில் பெரும்பகுதி மேற்பரப்பு போடாத சாலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை 1946 இல் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்தது. கிண்டியில் உள்ள நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் 1957 இல் அமைந்தது.

நெறிமுறைகள்

பேராயத்தின் முதன்மைப் பணி நெறிமுறைகளை வகுப்பதாகும். ஒவ்வொன்றும் எண்ணால் அறியப்படுகிறது. பாலத்தின் மீதான சுமைகளைக் கூறுவது ஐ.ஆர்.சி. 6. இதில் வரும் 'ஏ' வகைச் சுமை, 55.4 டன் எடையுள்ள இழுவண்டித் தொடர் ஒன்றைக் கற்பனை செய்கிறது. 'ஏஏ' வகையோ 70 டன் எடையுள்ள தொடர்பட்டை வண்டி, அதாவது பீரங்கி வண்டி. ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான அர்ஜுன் பீரங்கி வண்டியின் எடை சுமார் 58.5 டன். எனவே இந்த வகைக்கு வடிவமைத்த பாலத்தில் அது செல்வதற்குத் தடையில்லை.

தார்ச்சாலையின் தடிமனைக் கணக்கிட உதவுவது ஐ.ஆர்.சி. 37. 1970 இல் வந்த முதற்பதிப்பு ஒரு நாளில் செல்லும் வணிக வண்டிகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. 1984 இல் அது மாறியது. வண்டிகளை எண்ணுவதற்குப் பதிலாக, 8.16 டன் சுமை கொண்ட 'தர அச்சு' எத்தனை முறை கடக்கும் என்று பார்க்கத் தொடங்கினர். அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் மடிக்கு ஏற்பச் சேதம் கூடுகிறது என்பதே காரணம். சுமை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. 2018 சூலையில், நான்கு சக்கரம் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட சுமையை மத்திய அரசு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடை எட்டில் ஒரு பங்குதான் கூடிற்று. முழுச் சுமையோடு செல்லும் அச்சு விளைவிக்கும் தேய்மானமோ இவ்விதிப்படி சுமார் 60 விழுக்காடு கூடும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சரக்குந்துகள் செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையும், பூவிருந்தவல்லி வழியாகப் பெங்களூர் செல்லும் சாலையும் விரைவில் ஏன் குழிவிழுகின்றன என்பதற்கு மழை மட்டும் காரணமன்று.

மழையும் ஒரு காரணமே. நீர் வடிய, சாலை நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ வேண்டும். பெருமழைப் பகுதிகளில் தார்ச்சாலைக்கு இச்சரிவு நூற்றுக்கு 2 முதல் 2.5 வரை. 7 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 9 சென்டிமீட்டர் வரை உயர்ந்திருந்தால் போதும். ஆனால் பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தளம் போட்டுக்கொண்டே போனால் சாலை முழுதும் உயர்ந்து, நீர் வடிகாலுக்குப் பதில் வீட்டு வாசலுக்குச் செல்கிறது. சென்னைப் புறநகர்த் தெருக்களில் படியேறி நுழைந்த வீட்டுக்குள் இன்று படியிறங்கி நுழைவோர் பலர்.

சட்ட நிலை

பேராயத்திற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும்போதோ, அரசு ஆணையிடும்போதோ மட்டுமே நெறிமுறைகள் ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்துகின்றன. சாலை தரமற்றிருந்ததால் உயிரிழப்பு ஏற்பட்டாலும், வழக்கு பெரும்பாலும் ஓட்டுநர் மீதே பதியப்பட்டு வந்தது. 2019 ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மத்திய அரசு வகுக்கும் பாதுகாப்புத் தரங்களைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், சாலையை வடிவமைத்த, அமைத்த அல்லது பராமரித்த அதிகார அமைப்பு, ஒப்பந்தக்காரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இப்பிரிவு இடமளிக்கிறது.