அளந்து பார்! பிறகு நம்பு!

தோழர்களே! பெரம்பலூர் மாவட்டத்திலே, பச்சைமலை அடிவாரத்திலே, அரும்பாவூர் என்று ஓர் ஊர். மரத்திலே சிற்பம் வடிக்கும் உழைப்பாளிகளின் ஊர். 2020-ஆம் ஆண்டு அவர்களுடைய கைவண்ணத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சிற்பி எடுத்த எடுப்பிலே உளியை ஓங்குவதில்லை. நூல் பிடிக்கிறார், கோடு போடுகிறார், முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று அளக்கிறார். பிறகுதான் வெட்டுகிறார். சாமி சிலை செய்பவரே, ‘சாமி பார்த்துக்கொள்ளும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதில்லை!

மரத்துக்கு இந்த மரியாதை. மனித உயிருக்கு?

அதே 2020-இல் நாடெங்கும் எழுந்த குரல் நினைவிருக்கிறதா? ‘பிளாஸ்மா வேண்டும்! பிளாஸ்மா வேண்டும்!’ கொரோனா கண்டு தேறியவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. தந்தைக்காக மகன் அலைந்தான். கணவனுக்காக மனைவி கையேந்தினாள். சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் அந்த ஆண்டு ஜூலையில் 2.34 கோடி ரூபாய்ச் செலவில் பிளாஸ்மா வங்கியே திறக்கப்பட்டது.

எண்ணம் தவறானதன்று. நோயை வென்றவர் உடலிலே, கிருமியைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பொருள் ஊறுகிறது. அதை இன்னோர் உடலுக்கு மாற்றலாம் என்று 1890-லேயே பெர்லினில் பேரிங்கும் கித்தசாட்டோவும் காட்டினார்கள். தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து பிறந்தது அப்படித்தான்.

ஆனால், தேறியவர் எல்லோரிடமும் எதிர்ப்பொருள் ஒரே அளவா? இல்லை! ஒருவர் இரத்தத்தில் ஆறாகப் பெருகும். இன்னொருவர் இரத்தத்தில் ஊற்றுக்கண்ணே இராது. அதை அளக்க வழி உண்டு. மோரிலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய், எதுவரை புளிப்பு நிற்கிறது என்று பார்ப்பதுபோல, பிளாஸ்மாவை 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு என்று நீர்க்கச் செய்வார்கள். ஒவ்வொன்றிலும் கிருமியைக் கலந்து, சோதனைத் தட்டில் வளரும் உயிரணுக்கள்மீது விடுவார்கள். எத்தனை மடங்குவரை கிருமி அடங்கிக் கிடக்கிறதோ, அதுவே அந்தப் பிளாஸ்மாவின் வலிமை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதனை நடத்தியது. 235 பேருக்குப் பிளாஸ்மாவும் சேர்த்து. 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாள் முடிந்தது. நோய் முற்றியவர், மாண்டவர் கணக்கு என்ன? பிளாஸ்மா பெற்ற அணியில் 44 பேர். பெறாத அணியில் 41 பேர்!

கொடுக்குமுன் எதிர்ப்பொருளை அளந்தார்களா? அதற்குத் தக்க கருவி அப்போது கைக்கு வரவில்லை. சேமித்து வைத்த மாதிரியைப் பின்னால் அளந்தபோது, நடுத்தர அளவு 40 மடங்குதான். அமெரிக்க அரசு அப்போது பரிந்துரைத்த அளவோ 160 மடங்கு. வாங்கிக்கொண்ட நோயாளிகளில் பெரும்பாலோர் உடலிலோ எதிர்ப்பொருள் முன்பே ஊறியிருந்தது. நிறைந்த கிணற்றிலே சிரட்டைத் தண்ணீர்!

‘வலுவான பிளாஸ்மாவாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாமே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் அளந்து, வலுவானதையே பொறுக்கிக் கொடுத்தார்கள். மருத்துவமனையில் கிடந்த 11,558 பேரிடம் சோதனை. பிளாஸ்மா பெற்றவர்களிலும் நூற்றுக்கு 24 பேர் மாண்டனர். பெறாதவர்களிலும் நூற்றுக்கு 24 பேர் மாண்டனர்.

நம் நாட்டுச் சோதனையின் முடிவு 2020 அக்டோபரில் அச்சேறிவிட்டது. சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டதோ 2021 மே 17 அன்று. ஏழு மாதம்! இரண்டாம் அலையிலே ஏழைக் குடும்பங்கள் இரவு பகலாய் அலைந்தது இந்த இடைவெளியிலேதான். அளந்து கண்ட உண்மையை அலமாரியில் வைத்துப் பூட்டினால், அளந்து என்ன பயன்? கேட்கிறோம், பதில் உண்டா?

அளவுகோல் இன்னொன்றும் சொல்லிற்று. 2020 அக்டோபர்-நவம்பரில் தமிழ்நாடு முழுவதும் 26,000-க்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டா என்று அரசு பார்த்தது. நீலகிரியில் நூற்றுக்கு 11 பேரிடம் இருந்தது. எல்லா மாவட்டங்களையும்விட அதிகம் எங்கே? நம் பெரம்பலூரிலே — நூற்றுக்கு 51! அரும்பாவூர் அடங்கிய மாவட்டத்திலே இருவரில் ஒருவரைக் கொரோனா தொட்டுவிட்டுப் போயிருந்தது. தமிழ்நாடு முழுவதிலும் அப்படித் தொடப்பட்டவர் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் பேர் என்று கணித்தார்கள். அந்த நவம்பர் இறுதியில் பதிவேட்டிலே இருந்தவரோ 8 லட்சத்துக்கும் குறைவு!

மற்றவர் எங்கே? காய்ச்சலோடு கூலிக்குப் போனவர், கஷாயத்தோடு பாயிலே கிடந்தவர், நோயென்றே அறியாமல் நடமாடியவர் — ஏட்டிலே ஏறாத ஏழைகள். அவர்களுக்காகச் சாட்சி சொன்னது அவர்களுடைய இரத்தமே!

ஆகவே தோழர்களே, நாளை இன்னொரு நோய் வரும். இன்னொரு ‘கைகண்ட மருந்து’ம் வரும். வதந்தியின் பின்னே ஓடாதீர்கள். ‘எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? எவ்வளவு அளந்தீர்கள்? பெறாதவர் கதி என்ன?’ என்று கேளுங்கள். கண்ட உண்மையைக் காலம் தாழ்த்தாமல் ஊருக்குச் சொல் என்று ஆள்வோரை, எவர் ஆண்டாலும், கேளுங்கள்.

அரும்பாவூர்ச் சிற்பி மரத்துக்குக் காட்டும் நேர்மையை மனிதனுக்கும் காட்டு என்கிறோம். கேட்பது அதிகமா?